அரிசி இல்லாத அடுப்படி
மலாயாத் தமிழர் இல்லங்களில் சிக்கன உணவு வளர்ந்த வரலாறு

அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பூவோடு தட்டில் வைத்தால், இன்றைய பிள்ளைகள் அதை மாலைநேரப் பலகாரமாக எண்ணி மகிழ்ந்து உண்கிறார்கள். ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போர்க்காலத்தை நேரில் கண்ட தலைமுறையினரில் பலர், பின்னாளில் வசதியாக வாழ்ந்தபோதும் அந்தக் கிழங்கைத் தொட மறுத்தார்கள். மூன்றரை ஆண்டுகள் காலையும் மாலையும் அதையே உண்டு உயிர் தப்பியவர்கள் அவர்கள். அந்த மணம் எழுந்தாலே பசியும் பயமும் நிறைந்த நாட்கள் அவர்கள் மனத்தில் எழுந்தன.

நமது சங்கத்துக் குடும்பங்களில் மலாயாவிலிருந்து வந்தோர், யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தோர், தமிழகத்திலிருந்து வந்தோர் என்று பல திறத்தாரும் உள்ளனர். குறைந்த செலவில் வீட்டாரின் பசியை ஆற்றும் பலகாரம் ஒன்றேனும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பாட்டி செய்தாள், அம்மா செய்தாள், நாமும் செய்கிறோம் என்று அதை எளிதாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கைப்பக்குவம் பலவும் கடுமையான காலங்களில் உருவாகி, பல உயிர்களைக் காத்தவை. அவ்வரலாற்றில் மலாயாத் தமிழர் கண்ட அரை நூற்றாண்டு அனுபவம் அறியத்தக்கது.

புழுங்கலரிசி தந்த காவல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றனர். முதலில் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர் தோட்டங்களிலும், இரயில் பாதை, சாலை வேலைகளிலும் அவர்கள் உழைத்தனர். அவர்கள் கொண்டுசென்ற சொத்து மிகச் சிறிது. ஆனால் ஊரில் பழகிய உணவு முறையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. அதில் முதன்மையானது புழுங்கலரிசிச் சோறு.

அக்காலத்தில் மலாயாவை உலுக்கிய நோய் பெரிபெரி. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப் போகும், நடை தள்ளாடும், இறுதியில் இருதயம் செயலிழந்து நோயாளி இறப்பார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்குப் பலியாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் வேலை செய்த தமிழர்களுக்கோ இந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்போருக்கே நோய் வருகிறது, தமிழர்கள் உண்ணும் புழுங்கலரிசியில் அந்தத் தீங்கு இல்லை என்று அவர் கண்டார். 1907-இல் இது குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய எண்ணம்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள் இதைச் சோதித்தனர். காட்டுப் பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசி உண்டோரிடையே தோன்றவில்லை. நஞ்சு எதுவும் இல்லை, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கு 1909-ஆம் ஆண்டளவில் அவர்களுடைய ஆராய்ச்சி வழி காட்டியது. அச்சத்தே பின்னர் வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் உமி நீக்கித் தீட்டினாலும் அது முற்றிலும் போவதில்லை. இந்த விளக்கம் ஏதும் அறியாமலே, குத்தும்போது அரிசி உடையாது, நெடுநாள் கெடாது, வயிற்றில் நிற்கும் என்ற காரணங்களால் நம் முன்னோர் நெல்லை அவித்தனர். ஏழைக் கூலிக் குடும்பம் ஒன்றின் சோற்றுப் பானை, அன்று மருத்துவ உலகுக்கு ஒரு பாடம் கற்பித்தது என்றால் மிகையாகாது.

கப்பலை நம்பிய சோறு

ஆனால் இந்தக் காவலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மலாயா தனக்குத் தேவையான அரிசியைத் தானே விளைவிக்கவில்லை. போருக்கு முன் அந்நாடு உண்ட அரிசியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. நிலமெல்லாம் ரப்பர் வளர்ந்தது. ரப்பர் விற்ற பணத்தில் அரிசி வாங்கினர். தோட்டத் தொழிலாளியின் வீட்டிலும் இதே நிலைதான். துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, நல்லெண்ணெய் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்துக் கடையில் குவிந்தன.

ஆயினும் பல தோட்டங்களில் குடியிருப்பு வரிசைகளின் பின்புறம் சிறு காய்கறிக் கொல்லைகள் இருந்தன. அங்கே முருங்கை, கத்தரி, வெண்டை, பயத்தங்காய், கீரை வகைகள் வளர்ந்தன. மலாய்க் குடியானவரிடம் கற்று, வேலியோரமாக மரவள்ளிக் குச்சிகளையும் ஊன்றினர். அப்போது அது பன்றிக்கும் மாட்டுக்கும் போடும் கிழங்கு என்றும், மழைக்காலத்தில் மாலைநேரத்துக்கு ஆகும் கிழங்கு என்றும் கருதப்பட்டதே தவிர, சோற்றுக்கு நிகராக யாரும் அதை நினைக்கவில்லை.

1942: கப்பல் நின்றது

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதம் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் அரிசி இருந்தது. ஆனால் அதை ஏற்றிவரக் கப்பல்கள் இல்லை. இருந்த கப்பல்கள் படையின் தேவைக்குச் சென்றன. நேச நாட்டு நீர்மூழ்கிகள் பலவற்றை மூழ்கடித்தன. இந்தியாவோடு வாணிகம் அடியோடு அற்றுப்போயிற்று.

அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. சிங்கப்பூரில் வயது வந்த ஆண் ஒருவருக்கு மாதத்துக்குச் சுமார் 5 கிலோ என்ற அளவுக்கு அது இறங்கியது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனினும் குறைவு. உடல் உழைப்பு உள்ள ஒருவர் பத்து நாட்களில் உண்டு முடிக்கும் அரிசி அது. கள்ளச் சந்தையில் அரிசி கிடைத்தது. ஆனால் வாழைமர நோட்டு என்று மக்கள் அழைத்த ஜப்பானியப் பணம் நாளுக்கு நாள் மதிப்பு இழந்ததால், கூலிக்காரக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனியாயிற்று. ரப்பருக்கு வாங்குவோர் இல்லாததால் பல தோட்டங்களில் வேலையும் நின்றது.

இந்நிலையில் ஆண்களும் வீட்டை விட்டுப் போகவேண்டியதாயிற்று. சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க, மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சிலர் போயினர். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியானோர் பல்லாயிரவர். தோட்டத்தில் எஞ்சியவர்கள் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே. அரிசி இல்லை, பருப்பு இல்லை, கூலி இல்லை, கணவன் இருக்கிறானா என்ற செய்தியும் இல்லை. அந்த அடுப்படியில்தான் நம் கதையின் நடுப்பகுதி நிகழ்கிறது.

கிழங்கைச் சோறாக்கிய கைகள்

மரவள்ளி தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காப் பகுதியில் சீன முதலாளிகள் இதைப் பெருந்தோட்டப் பயிராக வளர்த்து மாவும் ஜவ்வரிசியும் ஏற்றுமதி செய்தனர். பின்னர் ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. குச்சியை வெட்டி ஊன்றினால் போதும். மெலிந்த மண்ணிலும் வளரும். எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் கிழங்கு தரும். பறிக்காமல் விட்டாலும் மண்ணுக்குள் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். நெல்லைப் போல் களஞ்சியமும் வேண்டாம், அறுவடைக்கு ஆளும் வேண்டாம். ஜப்பானிய நிருவாகமும் காலி நிலமெல்லாம் உணவுப் பயிர் வைக்கும்படி வற்புறுத்தியது. சில தோட்டங்களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கிழங்கு நட்டனர். மரவள்ளியோடு சர்க்கரைவள்ளி, சோளம், கேழ்வரகு ஆகியவையும் பயிராயின.

ஆனால் இக்கிழங்கில் ஓர் ஆபத்து உண்டு. பச்சைக் கிழங்கை நறுக்கும்போது அதன் சாற்றிலிருந்து சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. கசப்பு வகைகளில் இது மிகுதி. இந்த நஞ்சு நீரில் கரையும், ஆவியாகியும் போய்விடும். ஆகவே தோலைத் தடிப்பாகச் சீவ வேண்டும், துண்டுகளை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட வேண்டும், மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாக அவித்து, அவித்த நீரையும் வடித்துவிட வேண்டும். துருவினால் சாற்றைப் பிழிந்து நீக்க வேண்டும். இவற்றையெல்லாம் மலாய்ப் பெண்களிடமும், தென் திருவிதாங்கூரிலிருந்து வந்த குடும்பங்களிடமும் பார்த்துப் பழகியவர்கள் தப்பினர். அவசரத்தில் அரைவேக்காடாக உண்டவர்கள் தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் ஆளாயினர், உயிரிழப்பும் நேர்வதுண்டு.

அப்படிப் பக்குவப்படுத்திய கிழங்கை வைத்துத் தமிழ்ப் பெண்கள் தம் பழைய பலகாரங்கள் அனைத்தையும் மீண்டும் செய்யத் தொடங்கினர். துருவிப் பிழிந்து, உப்பும் தேங்காய்ப்பூவும் பிசறி ஆவியில் வேகவைத்தால் புட்டு. அதே துருவலில் வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தட்டிக் கல்லில் போட்டால் அடை. பிழிந்த சாற்றைத் தெளிய வைத்தால் அடியில் படியும் வெள்ளை மாவில் கஞ்சியும் களியும். சீவி வெயிலில் காயவைத்து இடித்தால் நாட்பட வைத்திருக்கும் மாவு. அம்மாவில் தோசையும் ரொட்டியும் வார்க்கலாம். பட்டணங்களில் கடை ரொட்டியும் மீ என்னும் சீன நூடுல்சும்கூட மரவள்ளி மாவில் செய்யப்பட்டன. பங்கீட்டு அரிசி கையில் உள்ளபோது ஒரு பிடி அரிசியோடு நான்கு பங்கு கிழங்கு நறுக்கிப் போட்டுக் 'கிழங்குச் சோறு' பொங்கினர்.

பெயரை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசிப் புட்டு போய்க் கிழங்குப் புட்டு வந்தாலும், பிள்ளைகளுக்கு அது புட்டுத்தான். காலையில் தோசை, இரவில் கஞ்சி என்ற வீட்டு ஒழுங்கு குலையவில்லை. உலகமே தலைகீழான காலத்தில் இந்த ஒழுங்கு குடும்பத்தைக் கட்டிக் காத்தது.

தட்டின் மற்றொரு பாதி

வயிறு நிரம்பியும் பலர் நலிந்து போயினர் என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. மரவள்ளி வெறும் மாவுப் பொருள். 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமை ஒட்டியே இருக்கும். அதே அளவு அரிசியில் ஏறத்தாழ 7 கிராம், பருப்பு வகைகளில் 22 முதல் 25 கிராம். ஆகவே அரிசி போனதைவிடப் பருப்பு போனதுதான் பேரிழப்பு. சோற்றுக்கு மாற்றாகக் கிழங்கு கிடைத்தது. துவரைக்கும் உளுந்துக்கும் மாற்று எளிதில் கிடைக்கவில்லை. கால் வீக்கம், ஆறாத புண், கண் மங்கல், குழந்தைகளின் உப்பிய வயிறு ஆகியவை தோட்டங்களில் எங்கும் காணப்பட்டன. புழுங்கலரிசி விலக்கி வைத்திருந்த பெரிபெரியும் திரும்பி வந்தது.

இங்கேதான் வீட்டுக்கு வீடு வேறுபாடு தெரிந்தது. எல்லா வீட்டிலும் ஒரே கிழங்குதான்; பக்கத்தில் என்ன வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே உடல்நிலை அமைந்தது. கொல்லையில் முருங்கை மரம் நின்ற வீட்டில் கீரை இருந்தது. மலாய்க்காரர் வழக்கத்தைப் பார்த்து மரவள்ளிக் கொழுந்தையும் நன்றாக அவித்துப் பிழிந்து கடைந்து உண்டனர்; கிழங்கில் இல்லாத புரதமும் வைட்டமின்களும் அதன் இலையில் உண்டு. சர்க்கரைவள்ளியின் கொடித்தளிரும் கீரையாயிற்று. நிலக்கடலையும் பயற்றங்காயும் பயிரிட்டவர்கள் அவற்றைப் பொன்போல் காத்தனர். கோழி வளர்த்தோர் முட்டையைப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒதுக்கினர். ஓடையில் பிடித்த பொடி மீன் குழம்பானது. கேழ்வரகு விளைந்த இடத்தில் கூழும் களியும் கிடைத்தன. சுண்ணாம்புச் சத்தில் அரிசியைவிட அது பன்மடங்கு உயர்ந்தது.

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மறைந்தபின் செம்பனை எண்ணெய் அடுப்படிக்கு வந்தது. மலாயாவில் 1917-ஆம் ஆண்டு முதல் வாணிக அளவில் செம்பனை நடப்பட்டிருந்தது. அதன் எண்ணெய் சோப்புக்கும் ஏற்றுமதிக்கும் போயிற்று. சுத்திகரிக்காத அந்தச் சிவந்த எண்ணெயின் வாடையைப் பலரும் வெறுத்தனர். ஆயினும் மாலைக்கண்ணைத் தடுக்கும் வைட்டமின் ஏ ஆக உடலில் மாறும் சத்து அதில் ஏராளம். வேறு வழியின்றி ஊற்றிய எண்ணெய், குழந்தைகளின் பார்வைக்குத் துணை நின்றது.

இதற்கு எதிர்மாறான ஓர் எடுத்துக்காட்டை ஆப்பிரிக்காவில் காணலாம். 1981-இல் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, மக்கள் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தக் காலமின்றி உண்டனர். பயறும் மீனும் கிடைக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், கால்கள் விறைத்து முடமாயினர். சயனைடை உடல் தானே முறிக்கப் புரத உணவில் உள்ள கந்தகச் சத்து வேண்டும். கிழங்கின் நஞ்சை நீக்கும் பக்குவமும், கிழங்கோடு உண்ணும் பயறும் ஒன்றுக்கொன்று துணை என்பதை இந்நிகழ்ச்சி ஐயமின்றிக் காட்டியது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினர். ஜப்பானிய நோட்டுகள் செல்லாக் காசாயின. உலகெங்கும் அரிசித் தட்டுப்பாடு நீடித்ததால் பங்கீடும் கிழங்கும் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தன. 1931-இல் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் இருந்த மலாயா, சிங்கப்பூர் இந்தியர் தொகை, 1947 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சமாகக் குறைந்திருந்தது. இதற்கு முப்பதுகளில் வேலையின்றி ஊர் திரும்பியோரும், 1938-இல் நின்றுபோன தொழிலாளர் குடியேற்றமும் காரணங்கள் என்றாலும், போர்க்காலச் சாவுகளும் அந்த எண்ணிக்கையில் அடங்கியுள்ளன.

பினாங்கிலிருந்து சேலத்துக்கு

இதே போர் தமிழகத்து அடுக்களையையும் மாற்றியது. பாயசத்துக்கும் வடாத்துக்கும் வேண்டிய ஜவ்வரிசி அதுவரை மலாயா பக்கத்திலிருந்தே வந்தது. ஜாவாவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது என்பர். 1942-க்குப் பின் அது வரவில்லை. பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவரும், சேலத்து வணிகர் மாணிக்கஞ் செட்டியாரும் சேர்ந்து, 1943-ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். மாவை உருட்டித் திரட்டும் எளிய முறையாக அது ஆரம்பித்து, சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளின் பெருந்தொழிலாக வளர்ந்தது. இன்று நம் வீடுகளில் வெயில் கண்டவுடன் துணியில் ஊற்றும் ஜவ்வரிசி வடாம், போரினால் சேலத்துக்குக் குடிபெயர்ந்த பலகாரம்.

திருவிதாங்கூரும் அவ்வாறே பர்மா அரிசியை நம்பியிருந்து 1942-க்குப் பின் பெருந்துன்பம் அடைந்தது. ஆயின் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிப் பயிரை அங்கே முன்னரே ஊக்கி வளர்த்திருந்தார். அப்போது அந்நாட்டின் பகுதியாக இருந்த கன்னியாகுமரிச் சீமையில் மரச்சீனியும் மீன் குழம்பும் ஏழைகளின் அன்றாட உணவு. கிழங்கும் மீனும் ஒரே தட்டில் சேர்ந்திருந்ததால் அதன் குறையை இது நிரப்பியது.

மண் இல்லாதவர் நிலை

இலங்கையில் 1973, 1974 ஆண்டுகள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் விலை ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு சுருங்கியது, பாண் வாங்க விடியுமுன்னரே வரிசை நின்றது. யாழ்ப்பாணத்து வீடுகள் மரவள்ளிக்கும் ஒடியல் மாவுக்கும் திரும்பின. கிணறும் தோட்டக் காணியும் பனையும் இருந்தன. இறக்குமதி நின்றதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. ஒடியற்கூழில் மரவள்ளியோடு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கீரையும் மீனும் ஒன்றாய்க் கொதித்தன.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. லயன் அறைகளில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்த மண் கிடையாது. கூலியோ விலைவாசிக்கு ஈடாகவில்லை. சமைக்கத் தெரியாமல் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. சமைக்கப் பொருளும் விளைக்க நிலமும் இல்லாமல் கிடந்தார்கள். 1974-இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட மிகக் கடுமையாக உயர்ந்தது. சிக்கனமாகச் சமைக்கும் திறமையைப் புகழும்போது இதை மறந்துவிடலாகாது. இல்லத்தரசியின் கைப்பக்குவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முருங்கை நட ஒரு முழ மண்ணேனும் இருந்த இடத்தில்தான் அது உயிர் காத்தது.

கோயில் காத்த முறை

நமது வழிபாட்டு வழக்கங்களை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நவராத்திரி ஒன்பது நாளும் கடலை, பயறு, மொச்சை, காராமணி என்று ஒவ்வொரு நாளும் ஒரு சுண்டல். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ். வெண்பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பு. மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத இடம் அரிது. திருவிழா நாளில் ஊற்றிய கூழும் கொடுத்த சுண்டலும், வறிய பிள்ளைக்கு அன்றாட உணவில் கிடைக்காததைக் கையில் கொடுத்தன. மாவுப் பொருளுக்குப் பக்கத்தில் பயறு வேண்டும் என்ற விதியைப் படைத்து உண்ணும் வழக்கம் மறக்காமல் வைத்திருந்தது.

இன்று நாம் வாழும் நாட்டில் பஞ்சம் இல்லை. ஆயினும் பையில் அடைத்த வறுவல்களும் இனிப்புகளும் பிள்ளைகளின் மாலைநேரத்தைப் பிடித்துக்கொண்டன. இவை வயிற்றை நிரப்புகின்றன. மற்றொரு பாதியைக் கொடுப்பதில்லை. விலையும் வீட்டுப் பலகாரத்தைவிட மிகுதி. இரவே ஊறவைத்த ஒரு கோப்பை கடலையை உப்புப் போட்டு வேகவைத்து, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் நால்வருக்குச் சுண்டல் ஆயிற்று. நம்மவர் கடைகளில் உறையவைத்த மரவள்ளித் துருவல் கிடைக்கிறது. அதை நன்றாகப் பிழிந்து, தேங்காயோடு பிசறி, முழுதும் வேகும்வரை ஆவியில் அவித்தால் புட்டு. அதற்குப் பக்கத்தில் அவித்த பாசிப்பயற்றை வைத்தால் அது முழு உணவு. சோம்பிய நாளில் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சி மோர் ஊற்றிக் கொடுத்தாலும் போதுமானது.

போர்க்காலத்து அடுப்படியை நேரில் அறிந்தோர் இப்போது மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்பதோடு, அதை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள், அதற்குப் பக்கத்தில் என்ன வைத்தார்கள், யாருக்கு முதலில் பரிமாறினார்கள் என்பவற்றையும் கேட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். பல வீடுகளில் கடைசியாக உண்டவள் தாய்தான். பானையில் மிஞ்சியது கிழங்கு அவித்த வடிநீர் மட்டுமாகவும் இருந்ததுண்டு. அந்த வடிநீரைக் குடிக்கக் கூடாது என்று அறிந்து கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு மறுநாள் விடியலில் மீண்டும் கொல்லைக்குப் போனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நவராத்திரிச் சுண்டலைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும்போதேனும் அவர்களைப் பற்றி இரண்டு சொல் சொல்வது நம் கடமை.